இடது முன்சக்கரத்தின் அடியில் இருந்த தராசு

ஸ்ரீவில்லிபுத்தூர் காவல் நிலையத்தில், பட்டறைக்காரர் ஸ்டெபின் மேல் கொடுக்கப்பட்ட புகார் சம்பந்தமாக, உதவி ஆய்வாளர் அம்மா முன்பாக நான் யாரும் கூப்பிடாமல் கொடுக்கிற வாக்குமூலம்.

என் பெயர் சோலைராஜ், வயது 55, தகப்பனார் பெயர் சங்கரலிங்கம். செட்டியார்பட்டியில் மனைவி மாடத்தியுடனும் மகள் மாரிச்செல்வியுடனும் குடியிருந்து வருகிறேன். ராஜபாளையத்தில் மாங்காய் மண்டி வைத்திருக்கிறேன். ஒன்பதாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். பத்தாம் வகுப்பில் இரண்டு தடவை தோற்று உட்கார்ந்தேன், அதைப் படிப்பில் சேர்க்கவா என்று அம்மா கேட்டார்கள், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும். காரைப் பற்றி எனக்குத் தெரிந்தது உட்காரும் இடமும் ஹாரனும் மட்டும்தான்.

என் மகள் மாரிச்செல்வி இன்ஜினியரிங் படித்துவிட்டு வேலை பார்த்து வருகிறாள். தன் சம்பளத்தில் பழைய பந்தயக் கார் ஒன்றை வாங்கி, விடுமுறை நாட்களில் கோயம்புத்தூர்ப் பக்கம் நடக்கும் சின்னப் பந்தயங்களில் ஓட்டி வந்தாள். அது ஒரே ஆள் உட்காருகிற, கூரை இல்லாத கார். எங்கள் வீட்டு ஆட்டுரல்கூட அதைவிடக் கொஞ்சம் உயரம். அந்தக் காரின் சக்கர வேலையையும் ஸ்பிரிங் வேலையையும் வன்னியம்பட்டி விலக்கில் பட்டறை வைத்திருக்கும் ஸ்டெபின், வயது 29, என்பவரே செய்து வந்தார். அவர் என் மகளை அக்கா என்றும் என்னை அண்ணாச்சி என்றும் கூப்பிடுவார். நான் அவரை ஏலே என்றுதான் கூப்பிடுவேன்.

என் மண்டியில் ஒரே மாதிரியான எலக்ட்ரானிக் தராசு நான்கு உண்டு. மூன்று தராசுகள் சரக்கை லாரியில் ஏற்றி அனுப்பும்போது எடை போடுவதற்கு, அவை சரியாக இருக்கும். நான்காவது, தோப்புக்காரர்கள் கொண்டுவரும் மாங்காயை நாங்கள் வாங்கும்போது எடை போடுவதற்கு. மண்டி வழக்கப்படி கூடைக்கும் காம்புக்கும் எல்லோர் முன்னாலும் சொல்லித்தான் எடையில் கழிவு போடுவோம். அது போதாது என்று, இந்த நான்காவது தராசு நூறு கிலோ வைத்தால் தொண்ணூற்றிரண்டு காட்டும்படி நானே ஆள் வைத்துச் செய்து வைத்திருந்தேன். அதன் ஒரு காலில் மஞ்சள் பெயிண்ட் ஒட்டியிருக்கும். என் கடையில் மூட்டை தூக்கும் ஆட்கள் அதற்கு இளைச்சவன் என்று பேர் வைத்திருக்கிறார்கள். என் மனைவி கடைக்கு வரும்போதெல்லாம் அதில்தான் ஏறி எடை பார்த்துக்கொள்வாள், அவள் சந்தோஷத்தைக் கெடுக்க வேண்டாம் என்று நானும் விட்டுவிட்டேன்.

கடந்த மே மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கான்சாபுரத்தில் ஒரு தோப்பைப் பார்க்கப் போயிருந்தபோது, என் மகள் கடை ஆட்களிடம் சொல்லி நான்கு தராசுகளையும் வேனில் ஏற்றி ஸ்டெபின் பட்டறைக்குக் கொண்டுபோய்விட்டதாகத் தகவல் தெரிந்து, நான் தோப்பைப் பாதியில் விட்டுவிட்டு நேராகப் பட்டறைக்குப் போனேன். அங்கே காரின் நான்கு சக்கரங்களுக்கும் அடியில் என் தராசுகள் நான்கும் இருந்தன. என் மகள் தலைக்கவசம் எல்லாம் போட்டுக்கொண்டு காருக்குள் உட்கார்ந்திருந்தாள். காரின் இரண்டு பக்கமும் நூல் இழுத்துக் கட்டி ஸ்டெபின் சக்கரங்களை நேர் பார்த்து முடித்திருந்தார். சக்கரங்களின் மேல்பக்கம் உள்ளே சாய்ந்திருப்பதைப் பார்த்து நான், "என்னலே, முட்டி தட்டுற பிள்ள மாதிரி நிக்கி" என்று கேட்டதற்கு, "சாஞ்சு நின்னாத்தான் அண்ணாச்சி வளைவுல டயர் முழுசா ரோட்டுல படியும்" என்று சொன்னார்.

அதன் பிறகு தராசு எதற்கு என்று கேட்டேன். காரின் பாரம் நான்கு சக்கரங்களிலும் எப்படி இறங்குகிறது என்று பார்க்க வேண்டும் என்றும், ஒவ்வொரு ஸ்பிரிங்குக்கும் அடியில் ஒரு திருகு வளையம் இருக்கிறது, அதை ஏற்றினால் அந்தச் சக்கரத்தில் பாரம் கூடும், இறக்கினால் குறையும் என்றும், பாரம் கோணலாக இறங்கினால் கார் ஒரு பக்க வளைவில் ஒரு மாதிரியும் மறுபக்க வளைவில் வேறு மாதிரியும் நடந்துகொள்ளும் என்றும் சொன்னார். நான் கேட்டுக்கொண்டே குனிந்து பார்த்தேன். இடது முன்சக்கரத்தின் அடியில் இருந்த தராசின் காலில் மஞ்சள் பெயிண்ட் இருந்தது.

அந்தச் சமயம் ஸ்டெபின் பட்டறை மூலையில் கிடந்த பழைய கியர்பாக்ஸ் ஒன்றைத் தூக்கி வந்து, காரை இறக்கிவிட்டு, அதை நான்கு தராசிலும் மாற்றி மாற்றி வைத்து எல்லாம் ஒரே எடை காட்டுகிறதா என்று சோதிக்கப் போவதாகச் சொன்னார். சோதித்தால் இளைச்சவன் மாட்டிக்கொள்வான். "ஏலே, என் தராசயே எட போட்டுப் பாக்குதியா? ராஜபாளையம் பூராவும் இதுலதான் மாங்கா போடுதான், ஒரு பய கேட்டதில்ல" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். ஸ்டெபினுக்கு முகம் ஒரு மாதிரி ஆகி, "ஐயோ அப்படி இல்ல அண்ணாச்சி, வழக்கத்துக்கு ஒருக்கா பாப்போம்னுதான்" என்று கியர்பாக்ஸைக் கீழே வைத்துவிட்டார். காருக்குள் இருந்து என் மகள், "விடு ஸ்டெபின், எங்கப்பா தராசத் தொட்டா கோவம் வந்துரும்" என்று சொன்னாள். நான் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

அதன் பிறகு இடது முன்சக்கரத்தில் எடை குறைவாகக் காட்டியதால் ஸ்டெபின் அந்தப் பக்கத்து வளையத்தை ஏற்றிக்கொண்டே போனார். நான் பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டு பார்த்தேன். மாங்காய்க்குக் குறைத்தால் மாங்காய் ஒன்றும் கவிழ்ந்துவிடவில்லையே, காருக்கு மட்டும் என்ன ஆகிவிடப்போகிறது என்று என் மனதுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். கடைசியில் நான்கு எண்களும் சரியாக வந்துவிட்டன என்று இருவரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

அதன் பிறகு ஜூன் மாதம் கோயம்புத்தூர்ப் பந்தயத்துக்கு நானும் என் மனைவியின் தம்பி கருத்தப்பாண்டியும் மகளுடன் போயிருந்தோம். காலையில் பழக ஓட்டிவிட்டு வந்த என் மகள், "வலது வளைவுல திரும்ப மாட்டேங்குது, இடது வளைவுல பின்பக்கம் வழுக்கிட்டுப் போகுது" என்று போனில் ஸ்டெபினிடம் சொன்னாள். அவர் எடையெல்லாம் சரியாக இருந்ததே என்று யோசித்துவிட்டு, டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்துப் பார்க்கச் சொன்னார். அப்போதாவது நான் சொல்லியிருக்க வேண்டும். என் மகள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். நான், "புதுச் செருப்பு மாதிரிதான், ஓட்ட ஓட்டப் பழகிரும்" என்று சொன்னேன்.

மத்தியானம் நடந்த பந்தயத்தில் இடது பக்கம் திரும்பும் வளைவு ஒன்றில் காரின் பின்பக்கம் வீசிச் சுழன்று, அடுக்கி வைத்திருந்த டயர்ச் சுவரில் மோதியது. மகளின் வலது முன்கை எலும்பு முறிந்துவிட்டது. அவளைத் தூக்கிக்கொண்டு வந்தபோது அவள் என்னிடம், "நான்தான் ஏதோ தப்பா ஓட்டிட்டேம்ப்பா" என்று சொன்னாள். நான் அவள் தலைக்கவசத்தைக் கையில் வாங்கிக்கொண்டு கூடவே நடந்தேன்.

ஊர் திரும்பிய பிறகு கருத்தப்பாண்டி, "மச்சான், அந்தப் பட்டறைக்காரன சும்மா விடக் கூடாது, பிள்ள பொழச்சது நம்ம நல்ல நேரம்" என்று சொல்லி, ஸ்டெபின் வேலையைச் சரியாகச் செய்யாமல் தன் அக்காள் மகள் உயிருக்கு ஆபத்து உண்டாக்கியதாக இந்த நிலையத்தில் புகார் எழுதிக் கொடுத்தார். அதில் சாட்சியாக நான் கையெழுத்துப் போட்டேன். வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பாரே என்ற பயத்தில் போட்டேன். அப்போது என் மகளுக்கு இது தெரியாது. ஸ்டெபினுக்கு மலேசியாவில் ஒரு பந்தயக் குழுவில் மெக்கானிக் வேலை கிடைத்து, பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டிருப்பதும், வழக்குப் பதிவானால் அது நின்றுபோகும் என்பதும் எனக்குத் தெரியும். பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்ட அன்று அவர் எனக்கு லட்டு கொண்டுவந்து கொடுத்தார்.

நேற்று விசாரணைக்கு என்னையும் கருத்தப்பாண்டியையும் ஸ்டெபினையும் வரச் சொல்லியிருந்தார்கள். உதவி ஆய்வாளர் அம்மா ஸ்டெபினிடம், எடை போட்ட கருவியில் கோளாறு இருந்திருக்குமா என்று கேட்டார்கள். கியர்பாக்ஸை வைத்துச் சோதிக்க விடாமல் நான் தடுத்ததை அவர் சொல்லிவிடுவார் என்று நான் பெஞ்சு நுனியில் உட்கார்ந்திருந்தேன். சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். அவர் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், "இல்ல மேடம், அது அண்ணாச்சி கடைத் தராசு, தப்பு இருக்காது. என் வேலையிலதான் எங்கேயோ விட்டிருக்கேன்" என்று சொன்னார்.

நான் ஒன்றுக்குப் போய்விட்டு வருவதாகச் சொல்லி வெளியே போனேன். குழாயடியில் நின்று முகத்தைக் கழுவினேன். துடைத்த பிறகு மறுபடியும் கழுவினேன். அதன் பிறகு உள்ளே வந்து, "அம்மா, எழுதுறத நிப்பாட்டுங்க, அந்தப் பையன் மேல ஒண்ணும் இல்ல, தராசுலதான் இருக்கு" என்று சொன்னேன். கருத்தப்பாண்டி, "மச்சானுக்கு வெயில் ஒத்துக்கல" என்று என்னை உட்கார வைக்கப் பார்த்தார்.

இன்று காலை நானே என் வேனில் இளைச்சவனையும் சரியான தராசு ஒன்றையும் ஏற்றிக் கொண்டுவந்து நிலைய வராண்டாவில் இறக்கினேன். முதலில் என்னைத்தான் ஏற்றி நிறுத்தினார்கள். சரியான தராசில் எண்பத்தேழும் இளைச்சவனில் எண்பதும் காட்டியது. பக்கத்தில் நின்ற ஏட்டு, "அண்ணாச்சி, ஒரு தெரு கூட நடக்காம ஏழு கிலோவா" என்று சிரித்தார். வேறு நாளாக இருந்தால் நானும் ஒரு பதில் சொல்லியிருப்பேன். நேற்று நடந்தது காதில் விழுந்து, மாவுக்கட்டுப் போட்ட கையோடு வந்து வாசலில் நின்ற என் மகள் சிரிக்கவில்லை. அவள் அந்த இரண்டு எண்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு அவள் என்னிடம் கேட்டது காரைப் பற்றி இல்லை. "கான்சாபுரம் குருசாமி பெரியப்பா மாங்காயும் இதுலதானப்பா போட்டீங்க?" என்று கேட்டாள். குருசாமி என்பவர் எனக்குச் சொந்தம் கிடையாது, தோப்புக்காரர். ஒவ்வொரு வருசமும் முதல் காய்ப்பில் பெரிய பழங்களாகப் பொறுக்கித் தனியாக ஒரு பையில் கொண்டுவந்து, "இது எடைக்கு இல்ல, பாப்பாவுக்கு" என்று கொடுத்துவிட்டுப் போவார். அந்தப் பையை மட்டும் நான் தராசில் வைத்ததில்லை. ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவள் அங்கே வந்திருந்த ஸ்டெபினிடம் போய் என்னவோ சொன்னாள், எனக்குக் கேட்கவில்லை. அதன் பிறகு என் வேனில் ஏறாமல் பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்துவிட்டாள். ஒரு கையால் அவளால் பஸ்ஸில் பிடித்துக்கொண்டு நிற்க முடியாது என்று தெரிந்தும் நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் வந்திருக்க மாட்டாள்.

மேற்படி புகாரில் நான் கையெழுத்துப் போட்டது பொய்ச் சாட்சி. ஸ்டெபின் மேல் எந்தக் குற்றமும் கிடையாது, அவருடைய பாஸ்போர்ட்டுக்கு இதனால் தடங்கல் எதுவும் வரக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன். தராசு விசயமாக எந்த அலுவலகத்துக்கு எழுதினாலும் நான் ஆட்சேபிக்கப் போவதில்லை. என்னிடம் சரக்குப் போட்ட தோப்புக்காரர்கள் பெயர்களைத் தனியாகச் சொல்லியிருக்கிறேன். குருசாமி பெயரை முதலில் சொல்லியிருக்கிறேன்.

இதை எனக்குப் படித்துக் காட்டியபோது, தராசைச் சோதிக்க விடாமல் நான் தடுத்த இடத்தில் 'கவனக்குறைவால்' என்று எழுதியிருந்தது. உதவி ஆய்வாளர் அம்மா என் வயதைப் பார்த்து இரக்கப்பட்டு அப்படி எழுதினார்கள் என்று நினைக்கிறேன். அந்த வார்த்தையே வேண்டாம், நான் வாயால் சொன்னதை அப்படியே எழுதுங்கள் என்று கேட்டு, அடித்துத் திருத்திய இடத்துக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதை நான் தெரிந்தே செய்தேன்.

இதில் உள்ளதெல்லாம் நான் சொன்னது, நடந்தது. எதிலும் கழிவு போடவில்லை.

(ஒப்பம்) ச. சோலைராஜ்