ஜோசப்ராஜும் விண்ணரசியும் செய்த எஞ்சின்

விழாத் தலைவர் ஐயா இராஜாங்கம் அவர்களே, ஆசி வழங்க வந்திருக்கும் பங்குத்தந்தை அவர்களே, வயல் வேலையைப் போட்டது போட்டபடி வந்திருக்கும் பெரியோர்களே, முன்வரிசையை முன்கூட்டியே பிடித்துவிட்ட தாய்மார்களே! பம்புசெட்டோடு மல்லுக்கட்டியே பாதி வயதைத் தொலைத்த பஞ்சநதத்தின் பணிவான வணக்கம்.

மோட்டார் வைண்டிங் கடைத் திறப்புவிழாவில், மேசைமேல் பொம்மை ரயில் எஞ்சின் எதற்கு என்றுதானே பார்க்கிறீர்கள்? அதைச் சொல்லத்தானய்யா வந்தேன்!

தம்பி ஜோசப்ராஜ் சிங்கப்பூர்க் கப்பல் பட்டறையில். அவர் மனைவி, என் தங்கைபோன்ற விண்ணரசி, தஞ்சாவூரில். கல்யாணமாகி எட்டு ஆண்டு. விடுமுறைக்கு வருவார், விருந்து உண்பார், விமானம் ஏறுவார். ஒருநாள் ஐ.எஸ்.டி. பூத்தில் நின்று, "நாம ரெண்டு பேரும் சேர்ந்து ஒண்ணுமே செஞ்சதில்லங்க" என்று சொல்லிவிட்டார் விண்ணரசி.

அதற்குப் பதிலாக ஜோசப்ராஜ் வாங்கியதுதான் இந்த எஞ்சின். ஒரு பெட்டி நிறையத் தனித்தனிப் பாகங்கள்! சக்கரமும் மோட்டாரும் அவர் பங்கு. மேல்கூடு விண்ணரசி பங்கு. கூட்டுக்கான பாகங்கள் மட்டும் ஊருக்கு வந்த ஒருவர் கையில் வந்து சேர்ந்தன. தையல் மிஷினில் பழகிய கை பித்தளைத் தகட்டை வெட்டியது, மடித்தது, பற்றவைத்தது. பிசுக்கிருந்தால் பெயின்ட் ஒட்டாதென்று புளி போட்டுத் தேய்த்தார். என்னம்மா சிரிக்கிறீர்கள்? நீங்கள் குத்துவிளக்குத் தேய்ப்பதில்லையா? கறுப்பு அடித்து, அதன்மேல் நூல்போலச் சிவப்புக் கோடு இழுத்தார். கிட்டே வந்து பாருங்கள், அழகென்றால் அப்படியோர் அழகு!

ஜோசப்ராஜ் வந்தார். கூட்டைச் சக்கரத்தின்மேல் பொருத்தினார். ஸ்விட்சைப் போட்டார். ஓடியதா? வைக்கோல் பாரம் ஏற்றிய வண்டிபோல ஆடி, முதல் வளைவிலேயே கவிழ்ந்தது! "நம்ம ரெண்டு பேருக்கும் ஒட்டவே ஒட்டாது போலருக்குங்க" என்று அழுதுவிட்டார் விண்ணரசி. பக்கத்தில் நின்ற நான் எஞ்சினை எடுத்துப் புரட்டிப் பார்த்தேன்.

காரணம் என்ன? கூட்டிலே ஒரு துளை. அதில் நுழைய, கீழ்ச்சட்டத்திலே ஒரு முனை. "உனக்குச் சிரமமா இருக்குமேன்னு முனையை அரத்தால ராவி மெலிசாக்கிட்டேன்" என்றார் அவர். "உங்களுக்கு இறுக்குமேன்னு நான் துளையைப் பெருசாக்கிட்டேன்" என்றார் இவர்.

கேளுங்கள் பெரியோர்களே! கல்யாண மேடைதோறும் விட்டுக்கொடு, விட்டுக்கொடு என்று வாழ்த்துகிறோமே, இருவரும் எட்ட இருந்தே விட்டுக்கொடுத்தால் நடுவில் மிஞ்சுவது இடைவெளிதானே? அது கடிதத்தால் அடையுமா? காசால் அடையுமா? கடல்தாண்டிப் பேசினால் அடையுமா?

அடைத்தது ஒரு பித்தளைத் துணுக்கு. ஒருவர் அதை இடுக்கியால் அசையாமல் பிடிக்க வேண்டும். மற்றவர் பற்றவைக்க வேண்டும். தனியாளால் ஆகாத வேலை. எட்டு ஆண்டில் முதன்முறையாக இரண்டு தலைகளும் ஒரே வேலைக்குக் குனிந்தன. எஞ்சின் ஓடியது! ஓடியது எஞ்சின், ஓடாமல் நின்றுவிட்டார் ஜோசப்ராஜ். அவர் திரும்பிப் போகவில்லை என்பதால்தான் இன்று இந்தக் கடை.

யாரப்பா அது, ரிப்பன் ரிப்பன் என்று? வருகிறேன்! நான்தான் வெட்ட வேண்டுமாம். வெட்ட மாட்டேன். இவ்வளவு நேரம் பொறுத்துக் கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றியும் வணக்கமும்.

தம்பி, நீங்க பிடிங்க. தங்கச்சி, நீ வெட்டும்மா!