சாரதாமணி ரிஜெக்ட் செய்த பஸ்கள்

இது நான் நேரில் கேட்டதில்லை. என் தோழி யாழினி, சேவூரிலிருந்து கோயம்புத்தூர் போகும் பஸ்ஸில் கேட்டுவந்து சொன்னது. பேசியவர் அவளுக்குப் பக்கத்து சீட்டில் இருந்த சாரதாமணி. பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் சூப்பர்வைசர். மடியில் துண்டு சுற்றிய ஒரு கேமரா. யாழினிக்குக் கொஞ்சம் மறதி உண்டு, வார்த்தைகள் முன்பின் இருக்கலாம்.

...கேமரா கோளாறுதானுங்க, வேறென்ன. புதுசுங்க இது. தீவாளிக்கு வாங்குனது. இன்னைக்குக் கொண்டுபோயி அந்தக் கடைக்காரன் டேபிள்மேல வெச்சு, ஏனுங்க, இப்பிடித்தான் மாலு குடுப்பீங்களான்னு கேக்காம உடமாட்டேன்.

எம்பையன் தரணீதரன். பி.காம் முடிச்சு ரெண்டு வருசமாச்சு. எங்க கம்பெனிலயே மெர்ச்சண்டைசிங்ல சேத்து உடறேன்னேன். மாட்டேன்னுட்டான். ஓடற வண்டிய போட்டோ எடுக்கப் போறானாமா. ஏனுங்க, நிக்கற வண்டிய எடுத்தா ஆகாதா? ஆகாதாமா. என்னமோ பேனிங்குன்னு பேரு. வண்டி போற வேகத்துக்கே கேமராவையும் சேத்துத் திருப்போணும். இப்பிடி... இடுப்புலருந்து... சித்தெ தள்ளிக்கங்க அம்மிணி, கை பட்டுருச்சா?

ஒன்றரை மாசமா எங்கூரு ரோட்டு வளைவுல நின்னு அதையேதான் பண்ணுனான். ரோட்டோரமா ஒருத்தன் நின்னு பஸ்ஸையே பாத்துத் திரும்புனா டிரைவர் என்ன நெனப்பாரு, நீங்களே சொல்லுங்க. ஆள் ஏறுதுன்னு நிறுத்திப்போடறாரு. நிக்கற பஸ்ஸை எப்பிடிங்க ஓடற மாதிரி எடுக்கறது? இவன் போங்க போங்கன்னு கைய ஆட்ட, கண்டக்டர் வாயில வந்ததெல்லாம் பேச... ஒருநா கூச்சத்துல ஏறி, டிக்கெட் வாங்கி, அவிநாசி வரைக்கும் போயிட்டு வந்தான். அப்பறம் டிரைவருங்க பழகிட்டாங்க. பழகுனதும் என்ன பண்ணாங்க? போட்டோவுக்குன்னு மெதுவா வந்தாங்க. ஒருத்தரு தலை வேற சீவிட்டு வந்தாரு.

கடைசீல நாந்தான் கெடச்சேன். அம்மா, நீ நம்ம மொபெட்டுல ஊட்டுக்கு முன்னால போ, முப்பதுலயே போன்னான். போட்டோன்னா சும்மா போக முடியுங்களா? பட்டுச்சீலை கட்டிக்கிட்டேன். கனகாம்பரம் வேற. கெழக்க போயி மேக்க வந்து, கெழக்க போயி மேக்க வந்து... நாப்பது தடவை இருக்குமுங்க. எதுத்த ஊட்டு ரத்தினசாமிண்ணன் கேட்டைப் புடிச்சுட்டு நின்னு பாத்தாரு. எங்கூட்டுக்காரருக்குப் போனப் போட்டு, 'சாரதா பொறந்த ஊட்டுக்குக் கெளம்பிக் கெளம்பித் திரும்பி வருது, என்ன சண்டைன்னாலும் பேசித் தீத்துக்கப்பா'ன்னு சொல்லிப்போட்டாரு. அந்த மனுசன் லோடு ஏத்தறத அப்பிடியே உட்டுப்போட்டு ஓடியாந்து, எங்கிட்ட மன்னிப்புக் கேக்கறாரு. எதுக்குன்னு அவருக்கும் தெரியல, எனக்கும் தெரியல. செரி, கேட்டது கேட்டாச்சு, இருக்கட்டும்னு உட்டுட்டேன்.

என்ன சொல்லிட்டிருந்தேன்... ஆங், கேமரா. இத்தனையும் எதுக்குன்னா, கரூர்ல பஸ்ஸுக்கு பாடி கட்டற ஒரு கம்பெனி. அவங்க பஸ்ஸை எல்லாம் படம் புடிச்சுப் புஸ்தகம் போட ஆளு வேணுமாமா. பஸ்ஸு ஓடறது ஓடற மாதிரியே தெரியோணும், அப்பிடிப் படத்தோட பன்னெண்டு மணிக்கு வாங்கன்னு... ஆமாங்க, இன்னைக்குத்தான். இது கெடைக்கலீன்னா திங்கக்கெழமை உங்க கம்பெனிலயே சேந்துக்கறேம்மான்னு அவனே சொல்லிட்டான். நான் ரெண்டு வருசமாக் கேட்டதுதான். ஆனா சொல்றப்ப அவன் மூஞ்சியப் பாக்கோணுமே... எனக்கே பொறுக்கலீங்க. அந்தக் கரூர் வேலையே கெடைச்சுத் தொலையட்டும்னு வேண்டிக்கிட்டேன்.

அதனாலதானுங்க, காலைல அவன் குளிக்கப் போனப்ப, கம்ப்யூட்டர்ல அந்த பென்டிரைவு சொருகியிருந்துது. படமெல்லாம் அதுல போட்டு வெச்சிருந்தான். பாக்கலாம்னு ஒக்காந்தேன். நானூத்திச் சொச்சம் படம். அத்தனையும் டேமேஜ். பஸ்ஸு என்னமோ சுத்தமாத்தான் இருக்குது. பின்னால மரம், கடை, கரண்டுக்கம்பம் எல்லாம் கோடு கோடா இழுத்துட்டுப் போயிருக்குது. பிரிண்டு காயறதுக்குள்ள துணிய இழுத்தா சாயம் ஈசிட்டு வருமே, அதேதான். எங்க டேபிளுக்கு அப்பிடி ஒரு பீஸ் வந்தா கட்டோட திருப்பி அனுப்பிருவேன். பத்தொம்பது வருசமுங்க. எங்கையத் தாண்டி ஒரு டேமேஜ் கப்பலேறுனதில்ல.

பையன் பாக்காம அதைக் கொண்டுபோயி அவங்க முன்னால விரிச்சா என்னாகும்? அதான், ஒண்ணொண்ணாப் பாத்து அழிச்சுட்டேன். பீஸுக்கு ரெண்டு செகண்டு. கை பழகுனது. அவன் தலை துவட்டிட்டு வர்றதுக்குள்ள முடிஞ்சுது. ஒம்பது தேறுச்சுங்க. அந்த ஒம்பதும் பாருங்க, மரத்துல எலை எண்ணலாம், கடை போர்டுல எழுத்துப் படிக்கலாம். பஸ்ஸுதான் கொஞ்சம் கலங்கலா... அது வேகமாப் போச்சு, அதுக்கு நாம என்ன பண்ண முடியும்.

அவங்கிட்டச் சொல்லல. போற நேரத்துல மனசு ஒடஞ்சுருமுங்களே. பென்டிரைவைப் பாக்கெட்டுல போட்டு, சாமி கும்புட்டுட்டுப் போனான்.

...ஏனுங்க அம்மிணி, அப்பிடிப் பாக்கறீங்க?

...என்னங்க?

...பின்னால இழுத்துட்டுப் போனாத்தான்... அது... பஸ்ஸு சுத்தமா, மத்ததெல்லாம் கோடா. அப்பிடித்தான் வரோணுமா?

...அப்ப ஒன்றரை மாசம் நின்னது அதுக்குத்தானா?

...நான் பாஸ் பண்ணுன ஒம்பதும்?

...கேமராவைத் திருப்பாம அவன் கோட்டை உட்டது. ம்.

மணி என்னங்க? பத்தரையா. இதைச் சித்தெ புடிங்க அம்மிணி, போனை எடுக்கோணும்... எடுக்க மாட்டேங்கறானே. பஸ்ஸுல தூங்கிட்டானாட்ட இருக்குது. கண்டக்டர் தம்பி, அவிநாசிங்களா இது? இருங்க, இருங்க, எறங்கோணும். கரூருக்கு எதுல போகோணுமுங்க... நானே போயி அந்த மொதலாளிகிட்டச் சொல்றேன். டேமேஜ் பண்ணுனது கேமராவுமில்ல, பையனுமில்ல, நாந்தான்னு...

சாரதாமணி இறங்கி ஓடிவிட்டார். பஸ் நகர்ந்த பிறகுதான் கேமரா தன் கையிலேயே இருப்பதை யாழினி கவனித்தாள். கருமத்தம்பட்டியில் இறங்கி, நேராக என் ஆபீசுக்கு வந்தாள்.

எனக்குக் கேமரா தெரியாது. பயந்துகொண்டே பட்டனை அழுத்தினேன். நானூற்றுப் பன்னிரண்டு படங்களும் உள்ளே இருந்தன. பென்டிரைவில் அழிந்தவை நகல்கள்தான். கேமரா வாரில் ஒரு போன் எண் ஒட்டியிருந்தது. மூன்றாவது முறை தரணீதரன் எடுத்தார். பன்னிரண்டாக ஏழு நிமிடம். பென்டிரைவை அப்போதுதான் திறந்து பார்த்திருக்கிறார் போல. "பின்னால இழுத்திருக்கறதுல எதையாச்சும் அனுப்புங்க," என்றார். எது நல்லது என்று எங்களுக்குத் தெரியவில்லை. அதிகமாக இழுத்திருந்த மூன்றை, கேமரா கார்டை ஆபீஸ் கம்ப்யூட்டரில் சொருகி, அவர் போனுக்கு அனுப்பினோம். தப்பாக அனுப்பிவிட்டோமோ என்று அன்று நான் சாப்பிடவில்லை. மூன்றில் ஒன்று பஸ்ஸே இல்லை, மொபெட்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் மகனும் கேமராவை வாங்க வந்தார்கள். வேலை கிடைத்துவிட்டது. கரூர் முதலாளி இரண்டு பஸ் படங்களையும் தள்ளிவிட்டு, "இந்தம்மா எத்தனை வேகத்துல போறாங்க?" என்று மட்டும் கேட்டாராம். முப்பது என்றதும் அவர் நம்பவில்லை. "என் பஸ்ஸையும் இப்படிப் பறக்க வை, போதும்," என்றாராம்.

அந்தப் படத்தை சாரதாமணியிடம் என் போனில் காட்டினேன். இரண்டு செகண்ட் பார்த்தார். "தோள்ல பின்னு குத்துன எடத்துல நூல் பிரிஞ்சிருக்குது. இதைப் போயி பாஸ் பண்ணிட்டாங்களே," என்றார்.

அவர்கள் போன பிறகு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தெருவும் ரத்தினசாமியின் கேட்டும் வெறும் கோடுகளாக ஓடிக்கொண்டிருந்தன. பின்னுக்குக் கீழே ஒரு நூல் பிரிந்துதான் இருந்தது.