வாத்து இறகும் மூன்றாம் வகையும்

— நுரையீரலோட சரித்திரத்தையே நாளைக்கு மாநாட்டுல நான் திருத்தி எழுதப்போறேன்மா.

— நல்லா இருப்பீங்க டாக்டர். உங்க ஆஸ்பத்திரி நாற்காலிக்கு ஒரு கால் ஆடுது, பாத்து உக்காருங்க.

— அது கிடக்கட்டும். மூச்சோட உள்ள போற தூசி ஒத்துக்காம நுரையீரல் வீங்குதில்ல, அதை முன்னாடி மூணாப் பிரிச்சோம். திடீர்னு வர்றது, மெல்ல வர்றது, நாள்பட்டது. இப்ப விஞ்ஞானபூர்வமா ரெண்டே வகை. தழும்பு விழாதது, விழுந்தது. விழாதது ஆறிடும். விழுந்தது போகாது.

— என்னோடது எது டாக்டர்? அதே நினைப்பா இருக்கு. தையல் மெஷின்ல உக்காந்தா ஊசியில நூல் கோக்க வரமாட்டேங்குது.

— இதோ உங்க ஸ்கேன். க்ஹும்... க்ஹும்...

— ஐயோ, இருமிட்டு மென்னு முழுங்காதீங்க, எதுவானாலும் சொல்லிடுங்க!

— தழும்பு இல்லைம்மா. சுத்தமா ஆறிடுச்சு.

— டாக்டர்... நல்லா இருப்பீங்க! வாத்து இறகுத் தலையணை தைச்சுத்தான் ரெண்டு பொண்ணுங்களைக் கரையேத்தினேன். அதை விடுன்னு நீங்க சொன்னப்ப மனசுக்குள்ள உங்களை வாய்க்கு வந்தபடி திட்டினேன். இப்ப பஞ்சுதான் தைக்கிறேன். இருமல் போனதும்தான் எங்க வீட்டுக்காரர் குறட்டை விடறதே எனக்குத் தெரியுது.

— நாளைக்கு வந்து முன்வரிசையில உக்காருங்க. கை தட்ட ஆள் கொஞ்சம் கம்மி. க்ஹும்... மூணாவதா ஒரு வகையை அறிவிக்கப்போறேன். காரணமே இல்லாம வர்றது. அதுக்கு என் பேரை வைக்கலாம்னு ஒரு பேச்சு அடிபடுது.

— யாரு பேசுறாங்க?

— நான்தான்.

— அந்த வியாதி எத்தனை பேருக்கு வந்திருக்கு?

— இப்போதைக்கு ஒருத்தருக்கு. எனக்கு. காரணம் தேடி வீட்டையே சலிச்சுட்டேன். புறா இல்லை, பூஞ்சை இல்லை. இங்க வந்தா குறையுது, வீட்டுல படுத்தா கூடுது. நல்லவேளை, தழும்பு இன்னும் விழலை.

— வீட்டம்மாவுக்கு?

— அவளுக்கு ஒண்ணுமில்லை. புதுசா வந்த நீலப் போர்வையை இழுத்துப் போத்திக்கிட்டு நிம்மதியாத் தூங்குறா.

— டாக்டர், கோவிச்சுக்காதீங்க. இறகு எனக்குத்தான் ஆகாது, மத்தவங்களுக்கு ஒண்ணும் பண்ணாதுன்னு சொன்னீங்களே?

— சொன்னேன். ஒரு சிலருக்குத்தான் ஒத்துக்காது. விஞ்ஞானபூர்வமா...

— அதை நம்பித்தான், மிச்சமிருந்த இறகையெல்லாம் எங்க வீட்டுக்காரரை விட்டு நீலத்துணியில அடைச்சுத் தைக்கச் சொல்லி, நன்றிக்கு உங்க வீட்டம்மாகிட்ட கொண்டுபோய்க் குடுத்தேன். நீங்க கூச்சப்படுவீங்கன்னு சொல்ல வேண்டாம்னேன்.

— ...அது உங்க கைவேலையா?

— மன்னிச்சிடுங்க டாக்டர். இன்னைக்கே தூக்கி வெளிய போடச் சொல்லுங்க. சாயந்திரமே பஞ்சுல ஒண்ணு கொண்டுவந்து தர்றேன்.

— மன்னிப்பு எதுக்கும்மா? தழும்பு விழறதுக்கு முன்னாடி சொன்னீங்களே, நீங்கதான் நல்லா இருக்கணும்.

— அப்ப நாளைக்கு அந்த மூணாவது வகை?

— காரணமே இல்லைங்கிற அந்தக் கட்டுரையை முழுக்க அந்தப் போர்வைக்குள்ள உக்காந்துதான் எழுதினேன்.