அடைக்கோழியும் வாரண்டியும்

"கோழி எந்திரிச்சாத்தான் இது பாடும்" என்று முன் இருக்கைக்காரர் சொன்னதும், விரித்திருந்த புத்தகத்தை மூடிவிட்டேன். காரவள்ளியிலிருந்து பேருந்து மலையேறத் தொடங்கியிருந்தது. அவர் மடியில், போர்வை சுற்றிய விலையுயர்ந்த ஆம்ப்ளிஃபையர், அருகில், காரவள்ளியில் ஏறிக்கொண்ட அவர் மனைவி. ஒரு பக்கம் சத்தமே வராத அந்தக் கருவியைச் சேலத்துக் கடையில் தொட்டுக்கூடப் பார்க்காமல் திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

"கம்பெனி அட்டைப்பெட்டியிலயே கொண்டாந்தாத்தான் வாரண்டியாம், புள்ள. அதுவும் இந்த வாரத்தோட முடியுது."

"பெட்டியில கோழி அடை கெடக்குதுன்னு சொல்றதுதானுங்க?"

"சொன்னேன். மேனேஜரக் கேட்டுச் சொல்றோம்னாங்க."

"கோழியப் பத்தியா?"

"ஆமா. விக்கும்போது சோபாவுல உக்கார வெச்சு, காப்பி குடுத்து, கண்ண மூடிக் கேளுங்கன்னான். இன்னிக்கு நிக்க வெச்சே அனுப்பிட்டான்."

"இன்னிக்கும் கண்ண மூடியிருக்கோணும் நீங்க."

அவர் சிரிக்கவில்லை. "மொளகு வித்ததெல்லாம் இதுலதான் போட்டேன். கோழியக் கூடைக்கு மாத்திப் போட்டா என்ன?"

"மாத்துனா முட்டைய உட்டுட்டுப் போயிருமுங்க. ஒருக்கா உக்காந்தா வேலை முடியாம அது எந்திரிக்காது. உங்க கம்பெனியில அப்படி ஒருத்தன் இருக்கானா?"

அடுத்த வளைவில் நழுவிய போர்வையை அவர், உறங்கும் குழந்தைக்குச் செய்வதுபோல் இழுத்துவிட்டார்.

சோளக்காடு நிறுத்தத்தில் இறங்கியவர் அங்கிருந்த மளிகைக் கடைக்காரரிடம் கேட்டது என் ஜன்னல் வரை வந்தது:

"அடைக்கோழிக்குப் போடக் குருணை இருக்குதுங்களா? நல்லதாப் பாத்துக் குடுங்க. அது டூட்டியில இருக்குது."