ரப்பர் காய் வெடிக்கும் மாதம்

“ரப்பர் காய் வெடிக்கிய மாசம் வந்தாச்சு, எக்கா. எனக்குப் பயமாட்டு இருக்கு.”

மனநல மருத்துவரின் அறை வாசலில், எனக்கு முன்னால் இருந்த அருமனை ஊர்ப் பெண் பக்கத்திலிருந்த வயதில் மூத்தவளிடம் சொன்னாள். பட்டாளத்திலிருந்து திரும்பிய அவள் கணவன் அப்போதுதான் உள்ளே போயிருந்தான்.

“காய் வெடிச்சா என்ன மக்கா?”

“வீட்டைச் சுத்தி ரப்பர் தோட்டம். வெயில் ஏறினா படபடன்னு வெடிக்கும். அவருக்கு அது எல்லையில கேட்ட வெடியாட்டு தோணும். பிள்ளையத் தூக்கிட்டுக் கட்டிலுக்க அடியில போயிருவாரு. சத்தம் வெளிய கேக்கப்பிடாதுன்னு பிள்ளைக்க வாயப் பொத்துவாரு.”

“பிள்ளைக்கு என்ன வயசு?”

“நாலு. அவருக்க கை பெருசு, எக்கா. மூக்கும் சேந்து அடைஞ்சு போவும். பின்ன கேட்டா, செஞ்சது ஒண்ணும் அவருக்கு ஓர்மை இருக்காது.”

கதவுக்கு உள்ளேயிருந்து கணவனின் குரல் கேட்டது: “எல்லாம் ஓகே, சார்.”

“நீ உள்ள போயிச் சொல்லு மக்கா.”

“சொன்னா அவரு பிள்ளையத் தொடவே மாட்டாரு.”

அவள் மூடியிருந்த கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“நேத்து ஒரு காய் வெடிச்சுது. அவரு வீட்டுல இல்ல. நான் போயிப் பாத்தா, பிள்ளை தன்னால கட்டிலுக்க அடியில மூச்சப் பிடிச்சுட்டுக் கெடக்கா.”