சிவப்பு விளக்கு உங்க பக்கம்

...ஆயிலே இல்ல வாத்தியாரே அது! பால் ஊத்துன காப்பி! டீசல் வண்டிக்கு எவனாவது காப்பி ஊத்துவானா, நீங்களே சொல்லுங்க. இருங்க, கதவத் தொறக்காதீங்க, குளிரு உள்ள வந்துரும். இன்னும் நாலே பேரு வந்தாப் போதும். இந்த வில்லா ஃபாத்திமா ஸ்டாண்ட விட்டுக் கிளம்புனோம்னா மத்தியானச் சோறு மலைக்கு அந்தப் பக்கம் கொரோய்க்கோவுல, ஆரஞ்சு மரத்தடியில. வாத்தியாருதானே நீங்க? சட்டக்கையில சாக்பீஸ் தூள் இருக்கு, அதான் கேட்டேன்.

ஒரு சின்ன உதவி செய்யணும். உங்க முன்னால, எண்ணெய்க் கிண்டி மாதிரி படம் போட்டு ஒரு சிவப்பு விளக்கு இருக்கும் பாருங்க. எரியுதா?... எரியுது. நல்லது, சாவியத் திருப்பி வச்சிருக்கேன், எரியத்தான் செய்யும். இஞ்சின் ஓடுறப்ப அது அணைஞ்சு கெடக்கணும். எரிஞ்சா, ஆயிலு மேல ஏறலன்னு அர்த்தம். அத நீங்கதான் பாத்துச் சொல்லணும். ஏன்னா, நம்ம வண்டியம்மா பொறந்தது ஜப்பான்ல. அங்க ஓட்டுறவன் வலது பக்கம் உக்காருவானாம். இங்க கப்பல்ல வந்ததும் ஸ்டீரிங்க மட்டும் புடுங்கி இந்தப் பக்கம் நட்டானுங்க. டயலு, விளக்கு எல்லாம் அங்கயே விட்டுட்டானுங்க, சோம்பேறிப் பயலுங்க! நான் பாட்டுக்கு ஓட்டுவேன். எவ்வளவு வேகம், எவ்வளவு சூடுன்னு பக்கத்துல இருக்குறவங்க சொல்லணும். ஒரு தடவ பாதிரியார் ஒருத்தர உக்கார வச்சேன். அவரு கண்ணத் தொறந்தாத்தானே! வழி பூரா ஜெபம்.

எங்க விட்டேன்? ஆ, காப்பி. அதோ எதுத்தாப்புல, தொப்பிய ஒருபக்கமாச் சாச்சுக்கிட்டு, ஆயில் டப்பாவுங்க நடுவுல ராணி மாதிரி உக்காந்திருக்காளே, அவதான் பிரிமிதிவா. கலப்படக்காரி! மூணு வாரம், மூணு ஆயிலு வாங்கினேன். மூணும் ரெண்டே நாள்ல வெளுத்து, நொரச்சு, காப்பியாப் போச்சு. மூணு தடவையும் கும்ப்ரே கணவாயில, பனியில, வண்டி நின்னுருச்சு. மூணாவது தடவ ஒரு கல்யாணக் கோஷ்டியே மேளத்தத் தலையில வச்சுக்கிட்டு நடந்து எறங்குச்சு. அதுல பாருங்க, எங்க டிரைவர் சங்கத் தலைவரு எவரிஸ்தோவோட அத்தையும் இருந்துருக்கா. எனக்கு எப்படித் தெரியும்? நேத்து எல்லார் முன்னாலயும் சொல்லிட்டாரு: "தியோதோரோ, இன்னொரு தடவ மலையில ஆளுங்கள எறக்கி நடக்க வச்சேன்னு வையி, வரிசையில உன் எடம் இலாரியோனோட மச்சானுக்கு." முப்பத்தோரு வருஷமா நான் நிக்குற எடம் வாத்தியாரே! அந்த மச்சானுக்கு மீசையே இப்பத்தான் மொளைக்குது.

அட, ஒரு அம்மா கோழிக்கூடையோட வருது... வாங்கம்மா, கொரோய்க்கோ, கொரோய்க்கோ!... போச்சு. எனக்குப் பின்னால நிக்குற இலாரியோன் வண்டிக்குப் போயிட்டா. உங்க மூஞ்சியப் பாத்துத்தான் போறா. கொஞ்சம் சிரிச்சாப்புல உக்காருங்களேன்.

ஆயிலுன்னா சும்மாயில்ல. எங்க மெக்கானிக் செவேரோ படிச்சுப் படிச்சுச் சொல்லுவான்: "டப்பாவுல ரெண்டு நம்பரு இருக்கும் பெருசு. முதல் நம்பரு குளிருக்கு, ரெண்டாவது சூட்டுக்கு. நீ கிளம்புற எடம் பனி. முதல் நம்பரு சின்னதா இருந்தாத்தான் ஆயிலு சட்டுனு மேல ஏறும். பதினஞ்சு-நாப்பது ஊத்து, பேசாம ஓட்டு." ஊத்துனேன். காப்பியாச்சு. கெழட்டு இஞ்சினு, உள்ள எல்லாம் தேஞ்சு எடைவெளி விழுந்திருக்கும், கெட்டியா வேணும்னு நானே முடிவு பண்ணி இருவது-அம்பது ஊத்துனேன். அதுவும் காப்பி. அப்புறம் இருவத்தஞ்சு-அறுவது! அது ஆயிலா, தாரா? மறுநாள் காலையில அளவு பாக்கக் கம்பிய உருவுனேன், இஞ்சினே கூடச் சேந்து மேல வந்துருச்சு. சத்தியமா! ஒரு காலால மிதிச்சுத்தான் உள்ள அனுப்புனேன். என் பொஞ்சாதி காசில்டா சாட்சி. கேட்டா இல்லம்பா, அவ அப்படித்தான்.

செவேரோ திட்டுனான்: "கெட்டி ஆயிலு சத்தத்தத்தான் அமுக்கும், தேய்மானத்த அமுக்காது. காலையில அது மேல ஏறுறதுக்குள்ள இஞ்சின் வறண்டு சாவும்." அதுக்கும் ரெண்டே நாள்தான், தாரும் வெளுத்துருச்சு.

அதான் இன்னிக்கி விடியக்காலையில பிரிமிதிவா கடையில போயி நின்னேன். "இந்தா பாரு, சீல் வச்ச டப்பா, என் கண்ணு முன்னால ஒட"ன்னேன். மறுபடி பதினஞ்சு-நாப்பது. ஒடச்சா. தேன் மாதிரி, சுத்தமா இருந்துச்சு. "என் ஆயில்ல குத்தம் இல்ல தாத்தா, உன் வீட்டுல எவனோ திருட்டுத்தனமா இஞ்சினுக்குப் பால் குடுக்குறான்"னு சிரிக்குறா! மரியாதையே இல்லாம! நானும் விடல. "வர்ற சங்கக் கூட்டத்துல ஒன்னத் தெருவ விட்டே தொரத்துறேனா இல்லயா பாரு"ன்னுட்டு வந்துட்டேன்.

பழச வடிச்சேன், புதுச ஊத்துனேன். சும்மா ஓட்டிர முடியுமா? புது ஆயிலாச்சே, மொறை செய்யணும்ல? ஒரு பீரு பாட்டில் ஒடச்சேன். முதல் மடக்கு தரைக்கு, எங்க பூமித்தாயி பச்சமாமாவுக்கு. அப்புறம் நாலு டயருக்கும் ஆளுக்குக் கொஞ்சம். பானெட்டு மேல ஒரு தெளி, காகிதப் பூவு ஒரு கைப்பிடி. எல்லாப் பயலும் இத்தோட நிறுத்திருவான். கஞ்சனுங்க. நானும் முப்பது வருஷம் அப்படித்தான் நிறுத்துனேன். இந்த வருஷக் கார்னிவல் திருவிழாவுலதான் தோணுச்சு. டயரு குடிக்குது, தரை குடிக்குது, நான் குடிக்குறேன். வேல பாக்குற இஞ்சின் மட்டும் வேடிக்க பாக்கணுமா? காலையில எந்திரிச்சா இருமுறா பாவம், நெஞ்சுல கொஞ்சம் எறங்கட்டுமேன்னு ஆயிலு மூடியத் தொறந்து, மிச்சத்த உள்ளயே...

ஒவ்வொரு தடவ ஆயிலு மாத்துறப்பயும்தான். அன்பாத்தான் ஊத்துனேன். முக்கா பாட்டிலு...

...

வாத்தியாரே, ஆயிலும் பீரும் கலந்தா... என்ன நெறம் வரும்?

...சும்மா கேட்டேன். பாடமெல்லாம் வேணாம்.

இருங்க, ஸ்டார்ட் பண்றேன். பாருங்க, பாருங்க... ஆங், புடிச்சுருச்சு! கேக்குதா, எப்படிப் பாடுறா? இப்பச் சொல்லுங்க, அந்தச் சிவப்பு விளக்கு அணைஞ்சுதா? வாத்தியாரே? அணைஞ்சுதான்னு கேக்குறேன்ல, வாயத் தொறந்து...

அட!

கதவச் சத்தம் இல்லாமச் சாத்திட்டுப் போயிருக்காரே. நல்ல வளர்ப்பு. எங்க... அதோ, இலாரியோன் வண்டியில, கோழியம்மா பக்கத்துல. கூடைய மடியில வாங்கிக்கிட்டுச் சிரிக்க வேற செய்றாரு. என் வண்டியில உக்காந்து ஒரு தடவ சிரிச்சாரா மனுஷன்?

கொஞ்சம் எட்டிப் பாப்போம்... ம்ம். எரியுது. தக்காளி மாதிரி எரியுது. சரிம்மா, சரி, அணைச்சுட்டேன், ஆத்திரப்படாத.

டேய் இலாரியோன்! என் முறைய நீ எடுத்துக்க, கிளம்பு! என்ன இளிப்பு? எவரிஸ்தோகிட்டப் போயிச் சொல்லு, தாராளமாச் சொல்லு! மலையில நின்னாத்தானே எடம் போகும்? நான் நிக்குறது ஸ்டாண்டுல!

பிரிமிதிவா! ஏம்மா, தங்கமே! இன்னொரு டப்பா பதினஞ்சு-நாப்பது எடு. சீலெல்லாம் நான் பாக்க வேணாம், நீ குடுத்தாச் சரிதான். வடிக்கிறதுக்குப் பழைய சட்டி இருந்தா அதையும் குடு. அந்தக் கூட்டமா? எந்தக் கூட்டம்? நான் ஒண்ணுமே சொல்லலியே!

பீரா? இல்ல இல்ல. இனிமே அவளுக்குக் கெடையாது. அவ பங்கையும் சேத்து நானே குடிச்சுக்குறேன்.