மூன்றாவது மெழுகுவர்த்தி ஏற்றிய காலை

டும். தூரத்தில் ஷெல் குத்திவிட்டார்கள். எண்ணுகிறேன். பதினொன்று வரை எண்ண முடிந்தால் அது எங்கள் பக்கம் வரும் ஷெல். பத்து. பதினொன்று.

"படுங்கோ! எல்லாரும் படுங்கோ!"

தம்பி யூட் கத்துகிறான். படுக்கிறோம். வாயில் மண். தென்னந்தோப்பில் விழுந்தது. மட்டைகள் சடசடவென்று இறங்கின. நறுக்கிய பச்சை இலை வாசம் வந்தது. எழுந்து ஓடினோம். அப்பா, அம்மா, யூட், நான். ஒரு சைக்கிள். அதில் அரிசி, கூடாரம் போடத் தறப்பாள், பாய். பின்னால் கட்டிய இன்னொரு சைக்கிள் ரிம்.

அந்த ரிம்தான் எங்கள் திருவருகைக்கால வளையம். அப்பா கோயில் உபதேசியார். ரிம்மில் வேப்பங்கொப்பு சுற்றி, நான்கு மெழுகுவர்த்திகளைக் கம்பியால் கட்டியிருந்தார். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறும் ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும். ஓடினாலும் ஏற்ற வேண்டும் என்றார். முதலாவதைப் பள்ளிக்கூடக் கட்டடத்தில் ஏற்றினோம். இரண்டாவதைப் புளியமரத்தடியில். வன்னியில் போர்க்காலம். தென்னந்தோப்பு வழியாக ஓடியது எங்கள் ஐந்தாவது இடப்பெயர்வு.

இப்போது பெங்களூரு. அல்சூரில் இரண்டு அறை வீடு. பகல் பதினொன்றரை. கீழே ஆட்டோ ஹாரன். மேசையில் வளையம். சிவாஜிநகரில் வாங்கிய கம்பி. சவுக்குக் கொப்பு என் கணவரின் அக்கா மேரி கொண்டுவந்தது. எப்போதும் மாமியார்தான் ஏற்றுவார். இந்த ஆண்டு அவர் இல்லை. வீட்டு மருமகளாக இனி நான்தான் ஏற்ற வேண்டும். இரண்டு வாரம் தப்பித்தேன். மேரி ஏற்றினார். இன்று மூன்றாம் ஞாயிறு.

"மொத வாரம் தலவலின்ன. போன வாரம் துணி தெக்கணும்ன. இன்னிக்கி என்ன ரெஜி, வத்திப்பொட்டி தொலஞ்சுபோச்சா?"

"இண்டைக்கு ஞாயிறுதானே, மச்சாள்?"

"வர்ஷா வர்ஷம் இதே கேள்வி. பூசைக்குப் போய்ட்டு இப்பத்தான வந்தோம்? கன்னடத்துல சொன்னாத்தான் நம்புவியா? பானுவாரா. போதுமா?"

கணவர் சிரித்தார். நானும் சிரித்தேன். ஏன் கேட்கிறேன் என்று இவர்களிடம் சொன்னதில்லை. பேசக் கூச்சம். எழுதிவிட்டு ஏற்றுகிறேன் என்றேன். "எழுதும்மா. நான் கொத்தமல்லி ஆய்ஞ்சிட்டு இருக்கேன்" என்றார் மேரி.

எழுதுகிறேன்.

எங்களிடம் நாள்காட்டி இல்லை. வானொலிக்கு பேட்டரி முடிந்தது. கிழமைக் கணக்கு என் பொறுப்பு. பிஸ்கட் டின் மூடியில் ஆணியால் நாளுக்கு ஒரு கீறல். தென்னந்தோப்பில் ஷெல் விழுந்த நாள், புறப்படுமுன் ஒன்று கீறினேன். மாலையில் போய்ச் சேர்ந்தோம். களைப்பு. காலையில் கீறியது நினைவில் இல்லை. இன்னொன்று கீறினேன்.

மூன்று நாள் கழித்து அந்தக் காலை. விடிந்துவிட்டது. சைக்கிளில் எல்லாம் கட்டியாகிவிட்டது. அப்பா கிழமை கேட்டார். மூடியை எண்ணினேன். ஞாயிறு என்றேன்.

வேறு கிழமை என்றால் அப்போதே கிளம்பியிருப்போம். ஞாயிறு என்பதால் அப்பா ரிம்மை அவிழ்த்தார். பதுங்குகுழிக்கு வெளியே வைத்தார். மூன்றாவது மெழுகுவர்த்தி ரோஜா நிறமாக இருக்க வேண்டும். கிடைத்தது வெள்ளைதான். அம்மா அதில் ரோஜா நிறச் சேலைக்கரை கட்டியிருந்தார். காற்று. இரண்டு தீக்குச்சி அணைந்தது. யூட் குனிந்து கையால் மறைத்தான். பற்றியது. நானும் அம்மாவும் குழிக்குள் விட்டுப்போன பானையை எடுத்துக்கொண்டிருந்தோம். மேலே அப்பா செபம் சொல்கிறார்.

டும்.

நான் எண்ணவில்லை. செபத்துக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"குழிக்குள்ள இறங்குங்கோ!" அம்மா கத்தினார். அதன் பிறகு அவருக்கு ஒரு காதும் கேட்கவில்லை.

மறுநாள் வழியில் ஒரு மரத்தடியில் பூசை நடந்தது. மூன்றாம் ஞாயிறு என்று சாமியார் பிரசங்கத்தில் சொன்னார். தென்னந்தோப்பு நாளின் இரண்டாவது கீறல் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அம்மாவுக்குக் கேட்கவில்லை. ஏதோ திங்கட்கிழமைப் பூசை என்று நினைத்துக்கொண்டார்.

முகாமில் அம்மா எல்லோரிடமும் சொன்னார். "ஞாயிற்றுக்கிழமை, செபத்தில இருக்கேக்க போட்டினம்." அதைச் சொன்ன நாட்களில் கொஞ்சம் சாப்பிட்டார். நான் திருத்தவில்லை. அவர் இறந்த பிறகும் திருத்தவில்லை. கல்யாணமாகி இங்கே வந்தேன். இந்த வீட்டிலும் அப்படியே சொல்லியிருக்கிறேன்.

அடுக்களையிலிருந்து மேரி, முடிஞ்சுதா என்கிறார். இந்தத் தாளை அவர் கையில் கொடுப்பேன். படித்த பிறகும் ஏற்றச் சொன்னால் ஏற்றுவேன்.

இழந்தவை. சைக்கிள் ஒன்று. அரிசி பத்துக் கிலோ. தறப்பாள். மூன்று மெழுகுவர்த்தி. நான்காவது முழுதாகக் கிடந்தது. அவர்களைப் புதைத்த இடத்தில் அதை ஏற்றினோம்.

இறந்தவர்கள். அப்பா சூசைப்பிள்ளை, அறுபத்திரண்டு வயது. தம்பி யூட், இருபத்துநான்கு வயது. இருவரும் ஒரே இடத்தில். கிழமை, சனி.